எம்.பி.ஏ.க்கு முன் பட்டப்பின் டிப்ளோமா: கட்டாயமா, வசதியா, வீண்செலவா?

வலிகாமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் வேலைசெய்யும் நிறுவனத்தையும் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 33. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடக் கலைமாணிப் பொதுப் பட்டம் பெற்றவர். படித்த பாடங்களில் பொருளியலும் புவியியலும் அடக்கம். வகுப்புச் சித்தி (முதலாம், இரண்டாம் வகுப்பு என்ற தரம்) இல்லை. எட்டு வருடமாக ஒரு நிதி நிறுவனத்தில் வேலை; இப்போது கிளையின் கடன் பகுதிக்குப் பொறுப்பு. கணவர் ஆசிரியர், மகளுக்கு நான்கு வயது. யாழ் நகரில் கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் கல்வி நிலையம், 10 மாதத்தில் ‘லெவல் 7’ பட்டப்பின் முகாமைத்துவ டிப்ளோமா, அதன்பின் 6 மாதத்தில் பிரித்தானியப் பல்கலைக்கழக எம்.பி.ஏ. (வணிக நிர்வாக முதுமாணிப் பட்டம்) என்று சொல்லியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணித்தியால வகுப்பு. டிப்ளோமாவுக்கு மட்டும் 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. இந்தக் கிழமைக்குள் பதிந்தால் 50 ஆயிரம் கழிவு. முதல் தவணைக்கு நகையை அடகு வைக்க யோசிக்கிறார். எம்.பி.ஏ. எடுத்தால் பதவி உயர்வு தானாக வரும் என்று நம்புகிறார்.

‘பொதுப் பட்டக்காரருக்கு நேரடியாக எம்.பி.ஏ. கிடையாது, டிப்ளோமா கட்டாயம்’ என்று அந்த நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். கிளை முகாமையாளரோ நேரே எம்.பி.ஏ.க்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றில் ‘எம்.பி.ஏ.யை விட பி.ஜி.டி.எம். (இந்தியாவின் பட்டப்பின் முகாமைத்துவ டிப்ளோமா) மேல்’ என்று கேட்டிருக்கிறார். லண்டனில் இருக்கும் அண்ணா ‘இங்கே வந்து படி’ என்கிறார். இத்தனைக்கும் நடுவில், உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவர் என்பதால் கணக்கீடும் புள்ளிவிபரவியலும் தன்னால் முடியுமா என்ற பயமும் இருக்கிறது.

அன்பின் சகோதரிக்கு,

இந்தக் கிழமை பணம் கட்டாதீர்கள். நகையையும் அடகு வைக்க வேண்டாம். 50 ஆயிரம் ரூபா கழிவு போய்விடும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கீழே சொல்லும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க உங்களுக்கு இரண்டு மூன்று கிழமையாவது வேண்டும். அந்த அவகாசத்தைத் தர மறுக்கும் இடத்தில் ஒன்றரை வருடம் படிப்பது பாதுகாப்பானதல்ல. நல்ல கற்கைநெறி என்றால் அடுத்த தொகுதி மாணவரையும் எடுக்கத்தான் போகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று விடயங்களை உறுதியான உண்மையாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் திருத்த வேண்டும்.

டிப்ளோமா கட்டாயம் என்பது சரியல்ல

இலங்கையில் கல்வித் தகைமைகளின் தரத்தைச் சொல்வது இலங்கைத் தகைமைகள் சட்டகம். 2012இல் வெளியாகி 2015இல் திருத்தப்பட்டது. அதில் 12 மட்டங்கள். உங்கள் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். அதற்கு மேல் பட்டப்பின் சான்றிதழ் 7 (குறைந்தது 20 திறமைப் புள்ளி, அதாவது படிப்பின் அளவைச் சொல்லும் கிரெடிட்), பட்டப்பின் டிப்ளோமா 8 (25 புள்ளி), பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9 (30 புள்ளி), பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10 (60 புள்ளி, அதில் 15 ஆய்வுக்கு).

இந்த எண்கள் அடுத்தடுத்து வருவதால், ஒவ்வொரு மட்டத்தையும் முடித்துத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. 5ஆம் மட்டப் பட்டம் உள்ளவர் 9க்கோ 10க்கோ நேரே விண்ணப்பிக்கச் சட்டகம் இடம் தருகிறது. அதற்கு மேல் என்ன நிபந்தனை என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும். வகுப்புச் சித்தி கேட்கலாம், இத்தனை வருட முகாமைத்துவ அனுபவம் கேட்கலாம், தெரிவுப் பரீட்சையும் நேர்முகமும் வைக்கலாம். வகுப்புச் சித்தி இல்லாதது உங்களுக்கு ஓர் இடைஞ்சல்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எட்டு வருட வேலையும் ஒரு பகுதிக்குப் பொறுப்பாக இருப்பதும் முகாமைத்துவ முதுமாணித் தெரிவில் பெறுமதியான தகுதிகள். ஆகவே உங்களைத் தடுப்பது பொதுப் பட்டம் அல்ல. எந்த நிபந்தனை தடுக்கும், எது தடுக்காது என்பதை அந்த வருட விண்ணப்ப அறிவித்தலை வரிவரியாக வாசித்தால்தான் தெரியும்.

‘லெவல் 7’ எந்த நாட்டின் 7?

இந்த இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகமாக ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரத்தில் உள்ள 7 பிரித்தானியச் சட்டகத்தின் 7. அங்கே அது முதுமாணித் தரத்தின் எண். இங்கே 7 என்பது பட்டப்பின் சான்றிதழ். ஆகவே விளம்பரத்தைப் பார்த்து ‘இது முதுமாணிக்குச் சமன்’ என்று எண்ணுவதும் பிழை, மேலதிகாரி ஒருவர் எங்கள் சட்டகத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இது வெறும் சான்றிதழ்’ என்று தள்ளுவதும் பிழை. எண் தரத்தைச் சொல்கிறது. எவ்வளவு படித்தீர்கள் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது புள்ளியும் மணித்தியாலமும்.

பிரித்தானியாவில் ஒரு புள்ளி என்பது 10 மணித்தியாலக் கற்றல். முதுமாணி 180 புள்ளி, பல்கலைக்கழகப் பட்டப்பின் டிப்ளோமா 120, பட்டப்பின் சான்றிதழ் 60. எங்கள் சட்டகத்தில் பாடநெறி ஒன்றின் ஒரு புள்ளி 50 மணித்தியாலம். 120 பிரித்தானியப் புள்ளி 1,200 மணித்தியாலம். எங்கள் 25 புள்ளி 1,250 மணித்தியாலம். எண்கள் எவ்வளவு வேறாகத் தெரிந்தாலும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றே.

இப்போது பொறி எங்கே என்று பாருங்கள். பிரித்தானியாவில் பல்கலைக்கழகம் அல்லாத தகைமை வழங்கும் அமைப்புகளும் ‘லெவல் 7 டிப்ளோமா’ தருகின்றன. அந்த முறையில் 37 புள்ளி இருந்தாலே அதற்கு டிப்ளோமா என்று பெயர் வைக்கலாம். 13 முதல் 36 வரை சான்றிதழ், அதற்குக் கீழே அவார்ட். ஆகவே 40 புள்ளி டிப்ளோமாவும் 120 புள்ளி டிப்ளோமாவும் ஒரே பெயரில், ஒரே ‘லெவல் 7’ முத்திரையோடு வரலாம். ஆறு மாதத்தில் எம்.பி.ஏ. என்பது, 180இல் 120 புள்ளியை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டதாகக் கணக்கில் எடுத்து, மிச்ச 60 புள்ளிக்கு ஆய்வுக்கட்டுரை எழுத வைப்பது. உங்கள் டிப்ளோமா 40 புள்ளி என்றால் அந்தக் கணக்கே எழாது. பணம் கட்டிப் படித்து முடித்த பிறகு, எம்.பி.ஏ.யை ஏறத்தாழ முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இந்திய பி.ஜி.டி.எம். கதை எங்களுக்குப் பொருந்தாது

நீங்கள் பார்த்த காணொளி பொய் சொல்லவில்லை. அது வேறு நாட்டின் நிலைமை. இந்தியாவில் பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கே உண்டு. தனித்து இயங்கும் முகாமைத்துவக் கல்லூரிகள் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் அனுமதியோடு இரண்டு வருட முழுநேரக் கற்கைநெறியை நடத்தி பி.ஜி.டி.எம். தருகின்றன. புகழ்பெற்ற இந்திய முகாமைத்துவ நிறுவனங்களான ஐ.ஐ.எம்.கள்கூட, அவற்றுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை டிப்ளோமாவே கொடுத்தன. அங்கே அது எம்.பி.ஏ.க்குப் பதிலாகப் படிப்பது, எம்.பி.ஏ.க்கு முன் படிப்பதல்ல. இலங்கையில் ஞாயிறு வகுப்பில் முடிக்கும் டிப்ளோமாவை அதோடு ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

அப்படியென்றால் டிப்ளோமா யாருக்கு நல்லது?

டிப்ளோமாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டம் இல்லாமல் தொழில்சார் தகைமையோடும் அனுபவத்தோடும் இருப்பவருக்கு அது எம்.பி.ஏ.யின் வாசலைத் திறக்கக்கூடும். பொறியியலோ மருத்துவமோ படித்து, திடீரென்று நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவருக்கு ஒரு வருட டிப்ளோமாவே போதுமாக இருக்கும், எம்.பி.ஏ. தேவையே வராது. பதவி உயர்வு விதியில் ‘பட்டப்பின் டிப்ளோமா’ என்று மட்டும் எழுதியிருக்கும் இடங்களில் அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. குடும்ப நிலைமையால் இரண்டு வருடம் தொடர்ந்து படிக்க முடியுமா என்று நிச்சயமில்லாதவருக்கும் அது பொருத்தமானது.

நீங்கள் இந்தக் கடைசி வகையில் ஓரளவு வருகிறீர்கள். ஆனால் அதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழக முதுமாணிக் கற்கைநெறிகள் பலவற்றில், இடையில் நிறுத்த வேண்டி வந்தால் அதுவரை பெற்ற புள்ளிக்குப் பட்டப்பின் சான்றிதழோ டிப்ளோமாவோ எடுத்துக்கொண்டு வெளியேறும் ஏற்பாடு உண்டு. தகைமைகள் சட்டகமும் அதற்கு இடம் வைத்திருக்கிறது. எம்.பி.ஏ.க்குச் சேர்ந்து, முடியாமல் போனால் டிப்ளோமாவோடு நிற்பதும், முதலில் டிப்ளோமாவுக்குத் தனியாகப் பணம் கட்டி, பிறகு எம்.பி.ஏ.க்கு அனுமதி கிடைக்குமா என்று காத்திருப்பதும் ஒன்றல்ல. முதல் வழியில் உங்கள் புள்ளிகள் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும். இரண்டாவது வழியில் அவற்றை ஏற்பதா இல்லையா என்பது இன்னொருவரின் கையில்.

ஆகவே உங்கள் நிலைமையில் நான் வைக்கும் ஒழுங்கு இது. முதலில், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய அரச பல்கலைக்கழக வழி. திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. இருக்கிறது. கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. முகாமைத்துவத்தில் இப்போது எந்தப் பட்டப்பின் கற்கைகளுக்கு விண்ணப்பம் கோரப்பட்டுள்ளது, அதில் எவ்வளவு பகுதியை யாழ்ப்பாணத்திலிருந்தே செய்யலாம் என்று அங்கே நேரில் கேளுங்கள். இரண்டாவதாக, கொழும்பில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தோடு இணைந்த முகாமைத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவனம். தரத்தில் மிக நல்ல இடம். ஆனால் ஒவ்வொரு வார இறுதியும் 400 கிலோமீற்றர் போய் 400 கிலோமீற்றர் வருவது, நான்கு வயதுப் பிள்ளையோடு எத்தனை மாதத்துக்கு முடியும் என்பதைக் கணவரோடு இருந்து கதைத்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவதாகவே தனியார் நிலையத்தின் டிப்ளோமா. அதுவும் கீழுள்ள கேள்விகள் எல்லாவற்றுக்கும் தெளிவான பதில் வந்தால் மட்டும்.

பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகும் எண்ணம் துளியாவது இருந்தால், 9ஆம் மட்ட முதுமாணியோடு நில்லாமல் ஆய்வுக்கூறு உள்ள 10ஆம் மட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஆய்வு இல்லாத முதுமாணி பிறகு இடறும்.

தனியார் நிலையத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

வாயால் சொல்வது போதாது, வட்ஸ்அப் குரல்பதிவும் போதாது. மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

1. சான்றிதழை வழங்குவது யார்? இங்கே மூன்று பெயர்கள் கலந்து கிடக்கும்: வகுப்பு நடத்தும் நிலையம், டிப்ளோமா வழங்கும் அமைப்பு, எம்.பி.ஏ. தரும் பல்கலைக்கழகம். மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். ‘அரசாங்கத்தில் பதிவுசெய்யப்பட்டது’ என்ற வசனத்தில் மயங்க வேண்டாம். கம்பனியாகப் பதிவுசெய்வதும், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்வதும் பட்டம் வழங்கும் அதிகாரத்தைத் தராது. உள்ளூர்த் தனியார் நிறுவனமொன்று பட்டம் வழங்குவதென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் அதற்கு அதிகாரம் கிடைத்திருக்க வேண்டும்.

2. பிரித்தானிய டிப்ளோமா என்றால், அதன் தகைமை இலக்கம் என்ன, மொத்தப் புள்ளி எத்தனை? இங்கிலாந்தின் தகைமை ஒழுங்குபடுத்தும் அலுவலகமான ஒஃப்குவாலின் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இலக்கத்தைத் தட்டினால் பெயர், மட்டம், மொத்தக் கற்றல் நேரம் எல்லாம் வரும். பதிவேட்டில் உள்ள பெயரும் விளம்பரத்தில் உள்ள பெயரும் சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டும்.

3. எந்தப் பல்கலைக்கழகம், எந்த எம்.பி.ஏ., எத்தனை புள்ளியை ஏற்கும்? இந்தப் பதில் முகவரிடமிருந்தோ நிலையத்திடமிருந்தோ அல்ல, பல்கலைக்கழக அனுமதிப் பிரிவின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரவேண்டும். நீங்களே நேரே எழுதுங்கள். டிப்ளோமாவில் குறைந்தபட்சம் எந்தப் பெறுபேறு வேண்டும், ஆங்கிலத் தகைமை வேண்டுமா, முடித்து எத்தனை வருடத்துக்குள் சேரவேண்டும், இந்த ஏற்பாடு எந்த ஆண்டுவரை செல்லுபடியாகும் என்று சேர்த்துக் கேளுங்கள். நிலையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் இடையில் முடிந்துபோனால் மாணவர் நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

4. அந்தப் பல்கலைக்கழகம் இங்கே ஏற்கப்படுமா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சர்வதேசப் பட்டியல்களில் இருக்கின்றனவா என்று பார்த்தே ஏற்கிறது. நீங்கள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருப்பதால், வேறு அமைப்பு தரும் டிப்ளோமாவுக்கும் அங்கீகாரம் ஒட்டிக்கொள்ளாது.

5. மொத்தச் செலவு எவ்வளவு, எந்த நாணயத்தில்? 3 இலட்சத்து 80 ஆயிரத்துக்குள் வழங்கும் அமைப்பின் பதிவுக் கட்டணம், ஒப்படைகளைத் திருத்தி மீளச் சமர்ப்பிக்கும் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் அடங்குமா? எம்.பி.ஏ. பகுதியின் கட்டணம் பவுண்ஸிலா ரூபாவிலா? 2022 மார்ச்சுக்குப் பிறகு சில கிழமைகளில் ரூபா எப்படிச் சரிந்தது என்பதை நிதி நிறுவனத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு நாணயத்தில் இருக்கும் கட்டணத்துக்குக் கையில் மேலதிகமாகக் கொஞ்சம் வைத்திருக்காமல் இறங்கக்கூடாது.

6. இடையில் நிறுத்தினால் பணம் எவ்வளவு திரும்பும், முடித்த பாடங்களுக்குப் பெறுபேற்று அறிக்கை தருவார்களா? நிலுவைத் தவணை இருந்தால் அறிக்கையைத் தடுத்து வைப்பார்களா என்றும் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இந்த ஆறுக்கும் நல்ல பதில் வந்தால் அந்த நிலையத்தைப் பற்றி நான் கொண்டிருக்கும் சந்தேகம் தீர்ந்தது என்றே சொல்வேன். நேர்மையாக நடத்தும் நிலையங்கள் இவற்றுக்கு ஒரே நாளில் பதில் தருவார்கள். அவர்களிடம் கடிதங்கள் தயாராகவே இருக்கும்.

நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்

10 மாதம் என்பது ஏறத்தாழ 43 கிழமை. டிப்ளோமா உண்மையாகவே 120 புள்ளி என்றால் 1,200 மணித்தியாலம். ஞாயிறு நான்கு மணித்தியால வகுப்பு 43 கிழமைக்கு 172 மணித்தியாலம்தான். மிச்சம் 1,028. அதாவது வகுப்பைத் தவிர, கிழமைக்கு 24 மணித்தியாலம் வீட்டில் இருந்து வாசித்து எழுத வேண்டும். காலை ஏழரைக்கு வெளிக்கிட்டு மாலை ஆறுக்கு வீடு வந்து, பிள்ளையையும் பார்க்கும் ஒருவருக்கு இது நடைமுறையில் முடியாது. வேலை நாட்களில் இரவு ஒன்றரை மணித்தியாலமும் சனிக்கிழமை நான்கரை மணித்தியாலமும் என்று 12 மணித்தியாலம் ஒதுக்க உங்களால் முடியலாம். வகுப்போடு 16. அந்தக் கணக்கில் 75 கிழமை, ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆகவே ‘10 மாதம், வீட்டுவேலை ஒன்றும் பெரிதாக இல்லை’ என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று உண்மை: புள்ளி 120 அல்ல, அல்லது ஒப்படையை வேறு யாரோ எழுதுகிறார்கள். ஒப்படை எழுதித் தருவதாகப் பேஸ்புக்கில் வரும் விளம்பரங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒப்புமை கண்டுபிடிக்கும் மென்பொருளில் பிடிபட்டால் பாடமும் போகும், பெயரும் போகும். பிடிபடாமல் தப்பினாலும் ஆய்வுக்கட்டுரைக் கட்டத்தில் மேற்பார்வையாளர் முன் வாய்திறக்க முடியாமல் நிற்க வேண்டிவரும்.

கணக்குப் பயம் பற்றி

இந்தப் பயத்துக்காகவே டிப்ளோமா தேவை என்று எண்ணுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா செலவழிக்க வேண்டியதில்லை. வகுப்பு தொடங்குமுன் 12 கிழமை, கிழமைக்கு ஆறு மணித்தியாலம் போதும்.

முதல் ஐந்து கிழமை கணக்கீடு. தரம் 10, 11 வணிகக் கல்வியும் கணக்கீடும் பாடநூல்கள் தமிழில் இருக்கின்றன. கணவரின் பாடசாலையில் கேட்டாலே கிடைக்கும். வாசிப்பதோடு விடாமல், ஒரு சின்னக் கடையின் ஒரு மாதக் கொடுக்கல்வாங்கல் முப்பதை நீங்களே எழுதி, இரட்டைப் பதிவு போட்டு, பரீட்சை மீதி எடுத்து, இலாப நட்டமும் நிதிநிலைமைக் கூற்றும் காசுப் பாய்ச்சல் கூற்றும் தயாரியுங்கள். உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வரும்: நிதி நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளரின் வைப்பு ஒரு பொறுப்பு, அவருடைய கணக்கில் அதே பணம் ஒரு சொத்து. எட்டு வருடமாக நிறுவனத்தின் பக்கமிருந்து வரவு செலவு பார்த்த கண்ணுக்குப் பாடநூல் தலைகீழாகத் தெரியும். யாருடைய ஏடு என்று ஒவ்வொரு கேள்வியின் மேலும் எழுதிவிட்டுத் தொடங்குங்கள், குழப்பம் தீரும். கலைப்பிரிவார் வழமையாக விடும் பிழை இன்னொன்று: இலாபத்தையும் கையிலுள்ள காசையும் ஒன்றென்று எண்ணுவது. கடனுக்கு விற்றது இலாபத்தில் சேரும், காசில் சேராது. பெறுமானத்தேய்வு இலாபத்தைக் குறைக்கும், காசைத் தொடாது. இந்த இரண்டும் பிடிபட்டால் பாதிக் கணக்கீடு பிடிபட்டது.

அடுத்த மூன்று கிழமை பணத்தின் காலப் பெறுமதி. இது உங்கள் மேசையில் தினமும் நடப்பது. ஒரு இலட்சம் ரூபாவை 12 சதவீத நிலையான வட்டியில் (கடைசிவரை முழுத் தொகைக்கும் கணக்கிடும் வட்டி) 12 மாதத்துக்குக் கொடுத்தால், வட்டி 12,000, மாதத் தவணை 9,333. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் குறைந்துகொண்டே போவதால், குறைந்துசெல்லும் மீதியில் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். ஏன் என்று எக்செலில் ஒரு அட்டவணை போட்டு நீங்களே கண்டுபிடியுங்கள். அதைச் செய்துவிட்டீர்கள் என்றால், முதலீட்டுத் தீர்மானப் பாடத்தில் வரும் உள்ளக விளைவு வீதத்தின் அடிப்படையை ஏற்கெனவே கற்றுவிட்டீர்கள். 10 சதவீதக் கழிவு வீதத்தில் அடுத்த வருட ஒரு இலட்சம் இன்றைக்கு 90,909 ரூபா என்பதும் அதே தர்க்கம்தான்.

கடைசி நான்கு கிழமை புள்ளிவிபரவியலும் எக்செலும். சராசரி, நியம விலகல், இணைபு (correlation), பிற்செலவு (regression), கருதுகோள் சோதனை. சூத்திரத்தை மனனம் செய்வதை விட, வந்த விடையை ஒரு வசனத்தில் சொல்லப் பழகுங்கள். பரீட்சையில் புள்ளி போவது அங்கேதான். பயிற்சிக்குக் கிளையின் கடன் தரவைப் பயன்படுத்த ஆசை வரும். எழுத்துமூல அனுமதி இல்லாமல், வாடிக்கையாளர் பெயர் உள்ள எதையும் அலுவலகத்துக்கு வெளியே கொண்டுவராதீர்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் எழுதவில்லை. கணக்கைவிட அதுவே தடையாகலாம். முகாமைத்துவப் பட்டப்பின் கற்கைகள் பெரும்பாலும் ஆங்கில மூலம் நடப்பவை. தெரிவுப் பரீட்சையும் அதிலேயே வரும். இப்போதிருந்தே கிழமைக்கு ஒரு பக்கம், உங்கள் கிளையில் கண்ட ஒரு பிரச்சினை, அதன் காரணம், உங்கள் பரிந்துரை என்று ஆங்கிலத்தில் எழுதி, பிழை திருத்தக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள்.

வேலை இடத்தில் கேட்க வேண்டியது

எம்.பி.ஏ. எடுத்தால் பதவி உயர்வு தானாக வரும் என்ற நம்பிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். தனியார் நிதி நிறுவனத்தில் அது அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. மனிதவளப் பிரிவுக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். அடுத்த தரத்துக்கு எந்தத் தகைமை கணக்கில் எடுக்கப்படும், டிப்ளோமாவா முதுமாணியா? உள்ளூர், வெளிநாட்டுத் தகைமைகளில் எவற்றை ஏற்பார்கள்? கட்டண உதவியோ குறைந்த வட்டிக் கடனோ உண்டா, உண்டென்றால் எத்தனை வருட ஒப்பந்தப் பிணை? மூன்றாவது கேள்விக்குச் சாதகமான பதில் வந்தால் நகை வீட்டிலேயே இருக்கும். பிணைக் காலத்தை மட்டும் கவனமாக வாசியுங்கள். மூன்று வருடத்துக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் அந்த உதவி உங்களைக் கட்டிப்போடும்.

அண்ணா சொல்லும் லண்டன்

அண்ணாவின் அன்பு புரிகிறது. ஆனால் 2024 ஜனவரி முதல், பிரித்தானியாவில் பாடநெறி வகை முதுமாணிக்குப் போகும் மாணவர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ தங்கிவாழ்வோராக அழைத்துச் செல்ல முடியாது. ஆய்வு அடிப்படையிலான உயர்பட்டங்களுக்கும் அரசாங்கப் புலமைப்பரிசிலில் படிப்போருக்குமே அந்த இடம் உண்டு, சொந்தச் செலவில் படிக்கும் சாதாரண எம்.பி.ஏ. அதில் வராது. அதாவது மகளை விட்டுவிட்டு நீங்கள் தனியே ஒரு வருடம் போவதுதான் அந்த யோசனையின் உண்மையான விலை. அதைக் குடும்பமாகத் தீர்மானியுங்கள், நான் சொல்லக்கூடியதல்ல. போவதென்றே முடிவானால், இங்கே டிப்ளோமா முடித்துவிட்டுப் போவதால் விசாவில் சலுகை எதுவும் இல்லை என்பதையும் அண்ணாவுக்குச் சொல்லுங்கள். உங்கள் பட்டத்தோடும் அனுபவத்தோடும் நேரே விண்ணப்பிக்கலாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியது நான்கு. பல்கலைக்கழகத்திலிருந்து பட்டச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியும் ஆங்கிலப் பெறுபேற்று அறிக்கையும் எடுத்து வையுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் ஓடினால் கிடைக்காது. மனிதவளப் பிரிவுக்கும் அந்த நிலையத்துக்கும் கேள்விகளை அனுப்புங்கள். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் அடுத்த அனுமதி எப்போது என்று நேரில் கேளுங்கள். எட்டு வருட வேலையை, பதவி, பொறுப்பு, உங்கள் கீழ் வேலைசெய்தோர் எண்ணிக்கை, கையாண்ட கடன் தொகை என்று இரண்டு பக்கத்தில் எழுதி, முகாமையாளரிடம் கையொப்பத்துடன் சேவைக் கடிதம் வாங்குங்கள். தனியார் நிலையத்தின் பதில் வந்து, அதில் ஏதாவது விளங்காமல் இருந்தால், கடிதத்தின் பிரதியோடு மீண்டும் எழுதுங்கள்; வாசித்துப் பார்த்துப் பதில் தருகிறேன்.